கர்னலின் நடு இருக்கை

ஜனவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். முதுகு மட்டும் கொஞ்ச நாளாக என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. உங்கள் நலத்தையும், போன மாதம் ஓய்வு பெற்று வீட்டில் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்காவின் நலத்தையும் அறிய ஆவல்.

முதலில் நல்ல சேதி. கர்னல் எழுந்துவிட்டார். ஞாயிறு காலை சாவியைத் திருப்பினேன். கொஞ்சம் இருமினார், ஓய்வு பெற்ற அதிகாரிகளுக்கே உரிய முறையில் எதையோ உறுமினார். பிறகு அவர் விட்ட புகை தெருவைத் தாண்டிப் போய், எதிர் வீட்டு மாடியில் காய்ந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளின்மேல் உட்கார்ந்தது. எதிர் வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

"சார், இந்த ராணுவ லாரி எப்பதான் போகும்?"

"வடக்கே போகும்" என்றேன்.

"எங்க போகும்னு கேக்கல சார். எப்ப போகும்னு கேட்டேன்."

கேள்வி நியாயமாக இருந்ததால் பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டேன்.

கர்னலை ராணுவ ஏலத்தில் எடுத்து எட்டு வருடம் ஆகிறது. அன்று நாம் மூன்று பேரும் அந்த ஏலக் கொட்டகையில் நின்றோம். அக்கா ரிட்டயர் ஆகிற மாதமே இந்த லாரியில் வடக்கே கிளம்புவது, ரோடு முடிகிற இடத்தில் இருக்கும் ஏரியைப் பார்ப்பது என்று அங்கேயே முடிவானது. பஸ் நிலையத்து முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து அந்த ஏரிக்கு முப்பது வருடம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள் அவள். ஒரு தடவைகூடப் போனதில்லை. இனிப்புக் கடைக்காரன் இனிப்பைத் தொடமாட்டான் என்பார்கள். இவள் தொடமாட்டேன் என்று சொன்னதில்லை, நாம்தான் தட்டை நீட்டவில்லை.

மீதி வேலை பிரேக், கூரை ஒழுகல், முன்சீட்டு. ஏப்ரலில் கிளம்பலாம். என் தொழில் புத்தி உங்களுக்குத் தெரியும். பல் செட் செய்கிறவன், முதலில் மெழுகில் வைத்துப் பார்க்காமல் யார் வாயிலும் எதையும் மாட்டியதில்லை. அரை மில்லி உயர்ந்துவிட்டால் மனிதன் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு முறை நம்மைத் திட்டுவான். லாரிக்கும் அதே நியாயம்தான்.

முன்னால் மூன்று பேர் உட்காரலாம். ஓட்டுகிறவன் நான். ஜன்னல் ஓரம் நீங்கள். வானிலை அலுவலகத்தில் தலை நரைத்தவருக்கு வானம் தெரிய வேண்டும். அக்காவுக்கு நடு இருக்கை. அவளுக்கென்றே ஒரு மெத்தை தைக்கிறேன்.

அக்காவை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்.

பிரியமுள்ள,
மைத்துனன்


பிப்ரவரி 3

அன்பு மாப்பிள்ளைக்கு,

இங்கே யாவரும் சுகம். யாவரும் என்பது இரண்டு பேர். நீயும் உன் முதுகும் சமாதானம் ஆனீர்களா என்று தெரிவிக்கவும்.

கர்னல் எழுந்ததில் மகிழ்ச்சி. ஏப்ரலில் கிளம்பலாம் என்கிறாய். ஏப்ரலில் பனி உருகும்; உருகினால் மலைச்சரிவு. மே மாதம் சரிவு நிற்கும், புழுதிக் காற்று தொடங்கும். ஜூனிலிருந்து மழை. செப்டம்பர் பார்ப்பதற்கு நல்ல மாதம். ஆனால் பார்ப்பதற்கு நல்லவனாக இருப்பவனை நான் அலுவலகத்திலேயே நம்பியதில்லை. அதன் பிறகு மறுபடி பனி. ஆகையால் இன்னொரு வருடத்து வானிலைப் படங்களையும் ஒப்பிட்டுவிட்டுத் தேதி குறிப்பதே உத்தமம்.

உன் அக்காவுக்கு இதைப் பொறுமையாக விளக்கினேன். சாப்பாட்டு மேசையில் வானிலைப் படத்தை விரித்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல நாம எங்க இருக்கோம்?"

விரல் வைத்துக் காட்டினேன்.

"ஏரி எங்க இருக்கு?"

ஏரி படத்துக்கு மேலே, காகிதத்துக்கு வெளியே வருகிறது. அதனால் மேசைமேல் விரல் வைத்துக் காட்டினேன். அங்கே கொஞ்சம் டீ சிந்தியிருந்தது. அவள் துணி எடுத்து வந்து அந்த இடத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள். படம் வாசிக்க எல்லோருக்கும் வராது.

கீழே அவளும் இரண்டு வரி எழுத வேண்டுமாம். இடம் விட்டிருக்கிறேன்.

ஆசிகளுடன்,
அத்தான்

பி.கு. டேய் அரைமில்லி, எனக்கு நடு இடம் வேண்டாம். முப்பது வருஷம் "ஜன்னல் ஓரம் இருக்கா, ஜன்னல் ஓரம் இருக்கா"ன்னு ஊரே என்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போச்சு. எனக்கு ஒரு தடவை அது வேணும். உங்க அத்தானுக்கு மேகம் பாக்கணும்னா உன் கூரையிலதான் ஓட்டை இருக்கே, அது வழியாப் பாத்துக்கட்டும். – அக்கா


மார்ச் 11

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு நலம், அங்கும் அவ்வாறே என்று நம்புகிறேன். முதுகோடு உடன்படிக்கை ஆகிவிட்டது. அது வளையாது, நான் வற்புறுத்த மாட்டேன்.

பிரேக் முடிந்தது. கூரையும் முடிந்தது. அடுத்து பெயின்ட். கர்னலின் பழைய பச்சை கடையில் கிடைக்கவில்லை. கடைக்காரன் ஏழெட்டுப் பச்சைகளைக் காட்டினான். பல்லுக்கு நிறம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில் கதவோரம் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் சேரவில்லை. "சார், ராணுவமே இவ்ளோ பாக்காது" என்றான். அதனால்தான் ராணுவம் இதை ஏலம் விட்டது, நான் எடுத்தேன்.

அக்காவின் ஜன்னல் கோரிக்கையைப் பரிசீலித்தேன். அந்தப் பக்கத்துக் கதவின் தாழ்ப்பாள் கொஞ்சம் தளர்ச்சி. ஆள் விழுந்துவிடும் அளவுக்கு இல்லை, ஆனால் அவளுக்கு நடு இடம்தான் பாதுகாப்பு. எனக்கு மட்டும் பரவாயில்லையா என்று கேட்காதீர்கள், நீங்கள் கதவைப் பிடித்துக்கொள்வீர்கள். மெத்தை பிரமாதமாக வந்திருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

மேற்படி காரணங்களால் ஏப்ரல் இயலாது. ஜூன் வைத்துக்கொள்வோம். மாதம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் ஏரி எங்கும் ஓடிவிடாது.

அக்காவை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்.

பிரியமுள்ள,
மைத்துனன்


மே 2

அன்பு மாப்பிள்ளைக்கு,

பதில் தாமதம், பொறுத்துக்கொள். நான் நலம். உன் அக்காவும் நலம். உன் நலம் தெரிவிக்கவும்.

ஜூன் எதற்கு? இப்போதே கிளம்பினால் என்ன? வானம் எல்லாத் திசையிலும் தெளிவாக இருக்கிறது. சரிவு, புழுதி என்றெல்லாம் முன்பு எழுதியிருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. மழையில் நனைந்து செத்தவன் யார்? பச்சை எந்தப் பச்சையாக இருந்தாலும் பச்சைதான். கிளம்புகிற தேதியை மறுதபாலில் எழுது.

இன்னொன்று. உன் அக்கா டீத்தூளை எப்படிப்பட்ட டப்பாவில் வைப்பது வழக்கம்? சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பாயே. இங்கே ஒரே நிறத்து டப்பாக்கள் ஒரு வரிசை இருக்கின்றன. எதன்மேலும் எழுதவில்லை. முட்டை எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்பதும் தெரிந்தால் எழுதவும். சும்மா ஒரு ஆர்வத்தில் கேட்கிறேன்.

ஆசிகளுடன்,
அத்தான்


மே 20

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வானம் எல்லாத் திசையிலும் தெளிவு என்று நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. என் நாற்காலியில் பல் அளவு கொடுக்க உட்கார்ந்திருந்த பெரியவரிடம் இதைச் சொன்னேன். வாயில் அச்சு மாவோடு "ஒயம்பு ஓவியலயா" என்றார். உடம்பு சரியில்லையா என்று அர்த்தம்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அக்கா உங்களோடு பேசுவதில்லை. டீத்தூள் டப்பாவைக்கூடச் சொல்லாத அளவுக்குக் கோபம். பின்குறிப்பும் காணோம். பழைய வைத்தியம் ஒன்று சொல்கிறேன். தலைவலி என்று படுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் நான் அப்படித்தான் தப்பிப்பேன். வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு "நடிக்கிறே" என்பாள். பேச ஆரம்பித்துவிட்டாள் அல்லவா, அது போதும்.

டப்பா பற்றி: எல்லாவற்றிலும் உயரமான டப்பா, எல்லாவற்றிலும் பின்னால் இருக்கும். முட்டை பற்றி எனக்கே சந்தேகம்.

கிளட்ச் தட்டு வந்தது. ஒரு மயிரிழை பெரிது. "அடிச்சு ஏத்திடலாம் சார்" என்றான் பட்டறைக்காரன். நான் விடவில்லை, அரத்தில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அவசரத்தில் மாட்டிய பல்லும் அவசரத்தில் மாட்டிய கிளட்சும் நடுவழியில்தான் கழலும். ஆகஸ்டில் கிளம்புவோம்.

அக்காவை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். கோபம் தணிந்த நேரம் பார்த்துச் சொல்லவும்.

பிரியமுள்ள,
மைத்துனன்


ஜூன் 18

அன்பு மாப்பிள்ளைக்கு,

இருவரும் நலம். உயரமான டப்பாவில் சோப்புத்தூள் இருந்தது. பருகிய பிறகே தெரிந்தது.

ஏரிக்குப் போகும் வழியில் இருக்கும் கணவாய் அக்டோபர் கடைசியில்தான் மூடும். என் கணக்கில் இந்த வருடம் பனி தாமதமாகவே வரும். எப்படியும் அதற்கு முன் ஏரிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். உன்னை மன்றாடிக் கேட்கிறேன், அரத்தைக் கீழே வை. போகும்போது இரண்டு பேருக்கு மட்டும் வசதி இருந்தால் போதும். வரும்போது மூன்று பேர் வரலாம். இதற்கு விளக்கம் கேட்காதே.

உன் அக்கா கோபமாக இல்லை. கீழே எழுதியிருக்கிறாள்.

ஆசிகளுடன்,
அத்தான்

பி.கு. அன்புள்ள தம்பிக்கு, நான் நலமாக உள்ளேன். நடு இருக்கை எனக்கு மிகவும் வசதியாக இருக்கும். பருவநிலையைக் கருத்தில் கொண்டு விரைந்து புறப்படுவதே உத்தமம். இப்படிக்கு, உன் அக்கா.


ஜூன் 25

அத்தான்,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

பின்குறிப்பு எழுதியது நீங்கள். எழுத்தைச் சாய்த்து எழுதிப் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் அக்கா என்னைத் "தம்பி" என்று கூப்பிட்டதே இல்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலிருந்து அரைமில்லிதான். பருவநிலையைக் கருத்தில் கொள்ளும் பெண் அவள் இல்லை. நடு இருக்கை வசதி என்று அவள் எழுதினாள் என்றால், ஏரியே தெற்கே வந்துவிட்டது என்பதை நான் முதலில் நம்புவேன்.

போகும்போது இரண்டு பேர், வரும்போது மூன்று பேர். பல் எண்ணுகிறவனுக்கு இவ்வளவு எண்ணத் தெரியாதா?

அக்கா எங்கே?

நீங்கள் நலம்தானா?

மைத்துனன்


ஜூலை 14

அன்பு மாப்பிள்ளைக்கு,

அவள் ஏரியில் இருக்கிறாள். தண்ணீருக்குள் இல்லை, கரையில். பதறாதே.

மார்ச்சில் உன் கடிதம் வந்ததும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கீரையோ எதையோ ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏரி எங்கும் ஓடிவிடாது" என்ற வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"ஏரி ஓடாது. என் முட்டிதான் ஓடிடும்" என்றாள். மாடிப்படியில் ஒரு வருடமாகவே பக்கவாட்டில்தான் இறங்குகிறாள். நான் அதை அவளுடைய ஒரு பாணி என்று நினைத்திருந்தேன்.

இந்த வருடம் கணவாய் சீக்கிரமே திறந்திருந்தது; மறுநாள் காலை பையோடு நின்றாள். "எங்கே?" என்றேன்.

"வடக்க. பஸ்ல."

"இன்னிக்கு மேகம் கொஞ்சம்..."

"குடை இருக்கு."

"எப்ப வருவே?"

"கர்னல் வந்தா அதுல வரேன், ஜன்னல் ஓரமா. ரோடு மூடற வரைக்கும் பாக்கறேன்."

பையை நான்தான் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை போனேன். அவள் உட்கார்ந்திருந்த கவுண்டரில் இப்போது வேறொரு பெண். "மேடம், உங்களுக்கா? ஜன்னல் ஓரமா போடட்டுமா?" என்று கேட்டாள். இவள் சிரித்தாள். நான் அதை எவ்வளவு காலம் கழித்துப் பார்க்கிறேன் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் உறும ஆரம்பித்துவிட்டது. முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவன் அந்த இடத்தில் சொல்ல ஏதாவது ஒன்று இருக்கும் அல்லவா. நான் சொன்னது: "கண்ணாடியை மூடிக்கோ, காத்து அடிக்கும்."

அவள் மூடவில்லை.

ஒரே ஒரு தபால் அட்டை வந்தது. சேர்ந்துவிட்டாளாம், ஏரிக்கரை விடுதியில் இருக்கிறாளாம். உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். "உன் அக்காவும் நலம்" என்று எழுதாவிட்டால் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருமுறை எழுதியதும் பிறகு அதையே எழுத வேண்டியதாயிற்று.

பஸ்ஸில் போய்க் கூப்பிட்டு வரக்கூடாதா என்றும் கேட்பாய். பஸ்ஸில் போய் இறங்கினால், "இது இருக்கும்போது எட்டு வருஷம் லாரி எதுக்கு" என்று கேட்பாள்.  மேலும் கர்னல் வந்தால் வருகிறேன் என்று அவளே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். கர்னலைத் தயார் செய். உன் தொழில் புத்தியை இந்த ஒரு தடவை அடக்கி வை.

அத்தான்


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உறையில் உன் வீட்டு முகவரி அல்லாத ஒன்றை எழுதக் கை மறுத்தது. இரண்டு உறை வீணானது. இத்தனை வருடமும் கடிதத்தை அத்தானுக்கே எழுதி, அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும் என்று முடித்திருக்கிறேன். நேராக விசாரிக்க எனக்கு முகவரி இல்லாமல் இல்லை.

முட்டி எப்படி இருக்கிறது? குளிர் ஆகாது, கம்பளி சுற்றிக்கொள்.

அத்தான் டீத்தூளைக் கண்டுபிடித்துவிட்டார். உப்பு ஜாடிக்குப் பக்கத்திலேயே இருந்ததாம். இளைத்துவிட்டார் என்று அவர் எழுதவில்லை. எழுத்து மட்டும் பொடியாகிக்கொண்டே வருகிறது.

ஜன்னல் ஓரம் உனக்குத்தான். தாழ்ப்பாளை மாற்றிவிட்டேன். புதிதாக ஒன்று போட ஒரே மத்தியானம்தான் ஆனது. இதை மார்ச்சிலேயே செய்திருக்கலாம் என்று எழுத வந்தேன். எழுதியாயிற்று.

செப்டம்பரில் கிளம்புகிறோம். ஒரு சோதனை ஓட்டம் மட்டும் பாக்கி. அதுவரை இரு.

உன்,
அரைமில்லி


செப்டம்பர் 12

டேய் அரைமில்லி,

நான் நல்லா இருக்கேன். முட்டியும் நல்லா இருக்கு, இங்க மாடி கிடையாது.

ஏரி நீலமா இருக்கும்னு டிக்கெட் வாங்கிட்டுப் போனவங்க எல்லாரும் வந்து சொன்னாங்க. பொய். காலைல சாம்பல், மத்தியானம் ஈயம். சாயங்காலம் மலைக்குப் பின்னால வெயில் போற நேரத்துல கொஞ்சம் நீலம். எல்லாரும் அந்தக் கொஞ்சத்த மட்டும் ஊருக்குக் கொண்டு வந்திருக்காங்க. எனக்கு ஈயம்தான் பிடிச்சிருக்கு.

விடுதிக்காரம்மா ஒரு நாள் என் பழைய வேலை என்னன்னு கேட்டா. சொன்னேன். மறுநாளே வாசல்ல ஒரு மேசை போட்டு பஸ் டிக்கெட் வேலையக் குடுத்துட்டா. விதி விரட்டும்னு சொல்லுவாங்க, எனக்குக் கவுண்டரே விரட்டுது. ஆனா இந்த மேசைல இருந்து ஏரி தெரியும்.

ஒரு வேடிக்கை கேளு. உன் கர்னலோட அண்ணன் தம்பியெல்லாம் இங்க தினமும் ஓடறாங்க. அதே மூக்கு, அதே இருமல். கதவு ஒரு நிறம், எஞ்சின் மூடி ஒரு நிறம். ஒருத்தருக்கு முன் விளக்கே கிடையாது. யாரும் அரம் வச்சுத் தேய்க்கல, ஓடுது. முதல் ரெண்டு மாசம் அந்தச் சத்தம் கேக்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பாத்தேன். அப்புறம் உக்காந்த எடத்துல இருந்தே பாத்தேன். இப்பப் பாக்கறதில்ல. போன வாரம் ஒரு டிரைவர் "ஏறிக்கோங்கம்மா"ன்னு அணை வரைக்கும் கூட்டிட்டுப் போனான். ஜன்னல் ஓரம்தான். மெத்தை கிடையாது, பலகை. நல்லா இருந்துச்சு.

பஸ் தினமும் சாயங்காலம் வருது. இறங்கறவங்க பேர நான்தான் எழுதறேன். உங்க அத்தான் பேர எழுதணும்னு ரொம்ப நாள் பேனாவத் தொறந்தே வச்சிருந்தேன். கர்னல் வந்தா வரேன்னு நான் கிண்டலுக்குச் சொன்னேன்டா. மனுஷன் பையத் தூக்கிட்டு வந்தவர், அப்படியே கூட ஏறிடுவார்னு நெனச்சேன். பக்கத்து சீட்டு காலியாத்தான் இருந்துச்சு. உங்க ரெண்டு பேருக்கும் கிண்டல் புரியாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

கோபம் இல்ல. கோபம் இருந்தா வந்து சண்ட போட்டிருப்பேன். ரோடு மூடினா குளிருக்கு இங்கயே இருக்கறதா விடுதிக்காரம்மாகிட்ட சொல்லிட்டேன்.

அவர்கிட்ட இதக் காட்டு. பஸ்ஸுக்கு இன்னும் நாள் இருக்கு.

அக்கா


செப்டம்பர் 29

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். கர்னல் நலம். அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அவளும் நலம். மற்றவை நேரில்.

சோதனை ஓட்டத்தில் பின்சக்கரத்தில் ஒரு முனகல் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்கிறான் பட்டறைக்காரன். பேரிங் மாற்றிவிட்டால் தீர்ந்தது. அக்டோபர் மூன்றாம் வாரம் கம்பளியோடு இங்கே வந்துவிடுங்கள். இந்த முறை தேதி மாறாது.

பிரியமுள்ள,
மைத்துனன்


நவம்பர் 1

உனக்கு,

உனக்குக் கடிதம் எழுதி நாளாயிற்று என்று ஆரம்பிக்க நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் எழுதியதே இல்லை. ஒரே வீட்டில் இருந்துவிட்டோம்.

கணவாய்க்குக் கீழே, தடுப்புக் கட்டைக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கட்டை இறக்கியிருக்கிறது. முந்தாநாள் இரவு மேலே பனி விழுந்துவிட்டதாம். என் கணக்கில் அது இன்னும் இரண்டு வாரம் கழித்து விழ வேண்டியது. காவல்காரரிடம் இதைச் சொன்னேன். "பனிகிட்ட சொல்லுங்க சார்" என்றார்.

கர்னல் வழியில் ஒரு தடவைகூட முனகவில்லை. இங்கே வரிசையாக நிற்கும் மற்ற லாரிகளுக்கு நடுவில் கல்யாணத்துக்கு வந்த மாதிரி நிற்கிறார். "வண்டி புதுசா?" என்று கேட்டார் காவல்காரர். மாப்பிள்ளை டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்று நாள் முன்னால் மேட்டில் ஏறும்போது ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. பின்கண்ணாடியில் ஏரியின் பெயர். உள்ளே பாதி காலி. மாப்பிள்ளை வண்டியை ஓரம் கட்டினான். சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து நீட்டினான். மடிப்பு நைந்து போயிருந்தது.

படித்துவிட்டு, "ஏண்டா அப்பவே காட்டல?" என்றேன்.

"காட்டியிருந்தா பஸ்ல போயிருப்பீங்க."

"போயிருப்பேன்."

"அப்ப கர்னல்?"

அவன் வண்டியை எடுத்தான். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை. எட்டு வருடம் அவனுக்கு நான் சாக்கு, எனக்கு அவன் சாக்கு. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உன்னை உட்கார வைத்திருந்தோம்.

அந்தப் பஸ்தான் இந்த வருடத்துக் கடைசிப் பஸ் என்று இங்கே வந்த பிறகு தெரிந்தது. வழியில் கைகாட்டினால் நிறுத்துவார்களாம்.

கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்திருக்கிறது. காவல்காரருக்கு முன்பல் நான்கு இல்லை. மாப்பிள்ளை அச்சு எடுத்துவிட்டான், ஆகவே வசந்தம் வரை அவனுக்கு வேலை இருக்கிறது. என்னிடம் காலையில் டிரைவர்கள் வந்து, "இன்னிக்கு எப்படி சார்?" என்று வானத்தைக் காட்டிக் கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதம் ரோடு திறந்ததும் முதல் பஸ்ஸில் வரும் என்கிறார்கள். நானும் அதே பஸ்ஸில் வரலாம். டிக்கெட்டுக்கு இப்போதே பெயர் கொடுத்துவிட்டேன். பேனாவைத் திறந்து வைத்திரு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, மை காய்ந்துவிடும் என்பதும் தெரியும்.

வழக்கப்படி மேலே நலம் என்று எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. நலமாக இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று உன் கடிதத்தில் இருந்தது. அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கிளம்பிய நாளிலிருந்து நான் நடு இருக்கையில்தான் உட்கார்ந்து வந்தேன். மெத்தை அருமை. ஆனால் அங்கிருந்து ஒன்றும் தெரிவதில்லை. முன்னால் கியர் கம்பி, பக்கத்தில் உன் தம்பியின் முழங்கை, அவ்வளவுதான். ஜன்னல் ஓரத்தைக் காலியாகவே வைத்திருக்கிறோம். கண்ணாடியை ஏற்றவில்லை. காற்று அடிக்கத்தான் செய்கிறது.